பார்த்தபோது புரிந்தது, தேர்வில் ஏன் வரவில்லை?

வாசகி ஒருவரின் நீண்ட கடிதம் இது. அடையாளம் தெரியக்கூடிய விவரங்களை நீக்கிவிட்டு, சாரத்தை மட்டும் தருகிறேன்.

அவருக்கு 36 வயது. ஒரு நிறுவனத்தின் கணக்குப் பிரிவில் 12 ஆண்டுகளாக வேலை பார்க்கிறார். தரவுப் பகுப்பாய்வுக்கு மாற விரும்பி, 14 மாதங்களாக இணையத்தில் படித்து வருகிறார். 9 படிப்புகளில் சேர்ந்து, ஐந்தை முடித்துச் சான்றிதழும் வாங்கிவிட்டார். வீட்டு வேலைகள் முடிந்து இரவு பத்தரைக்கு மேல்தான் உட்கார முடிகிறது. நேரத்தை மிச்சப்படுத்த வீடியோக்களை இரண்டு மடங்கு வேகத்தில் பார்ப்பார். பயிற்சிகளில் சிக்கிக்கொண்டால் ஏஐ-யிடம் கேட்பார். அது தரும் விடையைப் படித்துப் புரிந்துகொண்டு அடுத்ததற்குப் போவார். "புரியாமல் ஒன்றைக்கூட ஒட்டியதில்லை" என்று அடிக்கோடிட்டு எழுதியிருக்கிறார்.

சென்ற மாதம் ஒரு நேர்முகத் தேர்வு. 45 நிமிடம், இணையம் கிடையாது, தரவுத்தளத்திலிருந்து தகவல் எடுக்கும் மொழியான எஸ்க்யூஎல்லில் நான்கு கேள்விகள், நிரல்மொழியான பைத்தானில் ஒன்று. "எல்லாம் தெரிந்த மாதிரிதான் இருந்தது. வெள்ளைத் திரையைப் பார்த்ததும் ஒரு வரிகூட வரவில்லை. வெளியே வந்து அழுதுவிட்டேன்" என்கிறார். இப்போது அவர் கேட்பவை: என் வயதுதான் காரணமா? ஏஐ-யை அடியோடு விட்டுவிட வேண்டுமா? அதுவே எல்லாவற்றையும் செய்யும் என்றால், நான் எதற்காகக் கற்க வேண்டும்? வேலை உறுதி என்று சொல்லும் ஆறு மாத இணையவழிப் பயிற்சியில் கடன் வாங்கிச் சேரலாமா? கடைசியில், மகளைப் பற்றி ஒரு வரி.

அன்புள்ள சகோதரிக்கு,

நீங்கள் அடிக்கோடிட்ட அந்த வரியை அப்படியே நம்புகிறேன். புரியாமல் நீங்கள் எதையும் தாண்டிப் போகவில்லை. இணையத்தில் படிப்பைத் தொடங்குகிறவர்கள் பெரும்பாலும் பாதியில் நின்றுவிடுவார்கள். அமெரிக்கப் பல்கலைக்கழகங்களான எம்ஐடியும் ஹார்வர்டும் எட்எக்ஸ் என்ற இணையப் படிப்புத் தளத்தில் நடத்திய திறந்தநிலைப் படிப்புகளை ஆராய்ந்தபோது, 2017-18-இல் பங்கேற்றவர்களில் முடித்தவர்கள் 3.13 சதவீதம்தான் என்று தெரியவந்தது. நீங்கள் ஒன்பதில் ஐந்தை முடித்திருக்கிறீர்கள், அதுவும் இரவு பத்தரைக்கு மேல் உட்கார்ந்து. விடாமுயற்சியில் உங்களிடம் குறையில்லை. எதைப் பழகினீர்கள், தேர்வு எதைக் கேட்டது என்பதில்தான் இடைவெளி.

அந்த 45 நிமிடத்தில் நடந்தது

ஒருவர் செய்து காட்டும்போது பின்தொடர்ந்து போய்ப் புரிந்துகொள்வது ஒரு திறன். எதிரில் எதுவும் இல்லாதபோது, நினைவிலிருந்து தானாக எடுத்துக் கோப்பது இன்னொரு திறன். பதினான்கு மாதங்களாக முதலாவதைப் பழகியிருக்கிறீர்கள். தேர்வில் கேட்டது இரண்டாவதை. இவ்வளவு நாளில் அதைப் பழக உங்களுக்கு வாய்ப்பே வரவில்லை, ஏனென்றால் ஒவ்வொரு முறை திணறும்போதும் விடை சில விநாடிகளில் வந்து நின்றது.

இந்த இரண்டுக்கும் உள்ள வித்தியாசத்தை உள்ளுணர்வால் கண்டுபிடிக்க முடியாது என்பதுதான் சிக்கல். 2006-இல் ரோடிகர், கார்பிக்கி என்ற இரு உளவியலாளர்கள் செய்த சோதனை இதைக் கச்சிதமாகக் காட்டியது. ஒரு பகுதியை மாணவர்களில் சிலர் இரண்டு முறை படித்தார்கள். மற்றவர்கள் ஒரு முறை படித்துவிட்டு, தாளை மூடி, நினைவில் நின்றதை எழுதினார்கள். ஐந்து நிமிடம் கழித்துச் சோதித்தபோது, இரண்டு முறை படித்தவர்கள் 81 சதவீதம் நினைவுகூர்ந்தார்கள். எழுதிப் பார்த்தவர்கள் 75. ஒரு வாரம் கழித்து அது தலைகீழானது: முன்னவர்கள் 42, பின்னவர்கள் 56. படித்த கையோடு நம்மை நாமே எடைபோட்டால், நிலைக்காத முறைதான் நல்ல முறை என்று தோன்றும். வீடியோ முடிந்ததும் உங்களுக்கு வந்த "தெரிந்துவிட்டது" என்ற நிறைவு, அந்த ஐந்தாவது நிமிடத்து மதிப்பெண் போன்றது.

வீடியோ இந்த மயக்கத்தை இன்னும் கூட்டுகிறது. கார்டஸ், ஓப்ரையன் என்ற ஆய்வாளர்கள் 2018-இல் வெளியிட்ட ஆய்வில், பின்னோக்கி வழுக்கி நடக்கும் மூன்வாக் அசைவைச் சிலருக்கு ஒரு முறையும் சிலருக்கு இருபது முறையும் காட்டினார்கள். இருபது முறை பார்த்தவர்களுக்குத் தன்னம்பிக்கை கூடியது. ஆடச் சொன்னபோது ஆட்டம் மேம்படவில்லை. எஸ்க்யூஎல்லும் அப்படித்தான். ஆசிரியர் 'செலக்ட்' என்று தொடங்கி எட்டு வரி தட்டச்சு செய்வதைப் பார்க்கிறோம். எந்த அட்டவணையில் தொடங்குவது, எதை எதோடு இணைப்பது, எந்த மட்டத்தில் (வாடிக்கையாளர் வாரியாகவா, மாத வாரியாகவா) தொகுப்பது என்று தட்டச்சுக்கு முன்பே அவர் எடுத்த முடிவுகள் திரையில் வருவதே இல்லை. வெள்ளைத் திரை கேட்டது அந்த முடிவுகளைத்தான்.

வயது, வேகம், "பார்த்துக் கற்பவர்"

காரணம் என்று நீங்கள் எழுதிய மூன்றையும் சற்றுத் தள்ளி வையுங்கள்.

முதலில் வயது. புதிய விஷயங்களை மனம் கையாளும் வேகம் இருபதுகளுக்குப் பிறகு மெல்லக் குறைகிறது, உண்மைதான். ஆனால் முப்பத்தாறில் அந்தக் குறைவு மிகச் சிறியது. ஏற்கெனவே தெரிந்த துறையோடு புதியதைக் கோத்துவிடும்போது அனுபவம் அதை ஈடுகட்டிவிடும். பற்று, வரவு, நிலுவை, சரிபார்ப்பு ஆகியவற்றோடு 12 ஆண்டு பழகிய உங்களுக்கு, இருபத்திரண்டு வயதுக்காரர் புதிதாகக் கற்க வேண்டிய பாதி விஷயம் கைவசம் இருக்கிறது. இரவு பதினொரு மணிக் களைப்பு வேறு விஷயம். அது வயதின் கணக்கில் சேராது.

இரண்டாவது, வீடியோ வேகம். குற்றவாளி அதுதான் என்று நினைத்து இனி மெதுவாகப் பார்க்கப் போவதாகச் சொல்கிறீர்கள். வேண்டாம். விரிவுரை வீடியோக்களை இரண்டு மடங்கு வேகம் வரை பார்த்தாலும் புரிதல் பெரிதாகக் குறைவதில்லை என்று 2021-இல் வந்த ஒரு ஆய்வு காட்டியது. அதற்கு மேல் போனபோதுதான் சரிவு தெரிந்தது. மெதுவாகப் பார்த்தால் உங்களுடைய கொஞ்ச நேரமும் வீடியோவிலேயே கரைந்துவிடும்.

மூன்றாவது, "நான் பார்த்துக் கற்கும் வகை". சிலர் கண்ணால், சிலர் காதால், சிலர் கையால் கற்பவர்கள் என்ற வகைப்பாடு இணையமெங்கும் இருக்கிறது. அவரவர் வகைக்கேற்பச் சொல்லிக்கொடுத்தால் கற்றல் கூடும் என்பதற்குப் போதிய சான்று இல்லை என்று 2008-இலேயே பாஷ்லர் குழுவினர் விரிவாக ஆராய்ந்து எழுதிவிட்டார்கள். உங்களுக்கு வீடியோ பிடித்திருக்கலாம். பிடிப்பதும் பலிப்பதும் ஒன்றல்ல.

ஏஐ-யை விடுவதா, வைத்துக்கொள்வதா

இதற்கு நேரடியான பதில் தரக்கூடிய ஒரு பரிசோதனை உண்டு. துருக்கியில் ஏறக்குறைய ஆயிரம் உயர்நிலைப் பள்ளி மாணவர்களைக் கொண்டு கணிதத்தில் நடத்தப்பட்டது. 2025-இல் ஆய்விதழில் வெளியானது. பயிற்சி நேரத்தில் ஒரு குழுவுக்கு வழக்கமான உரையாடல் ஏஐ. இன்னொரு குழுவுக்கு, விடையைச் சொல்லாமல் ஆசிரியர்கள் வகுத்த குறிப்புகளை மட்டும் தரும் ஏஐ. மூன்றாவது குழுவுக்குப் புத்தகமும் குறிப்பேடும்தான். ஏஐ இல்லாதவர்களோடு ஒப்பிட்டால், பயிற்சி மதிப்பெண் முதல் குழுவுக்கு 48 சதவீதமும் இரண்டாவது குழுவுக்கு 127 சதவீதமும் கூடியது. பிறகு ஏஐ-யை எடுத்துவிட்டுத் தேர்வு வைத்தார்கள். முதல் குழு, ஏஐ-யே தொடாதவர்களைவிட 17 சதவீதம் குறைவாக வாங்கியது. குறிப்பு மட்டும் பெற்ற குழுவுக்கு அந்த நஷ்டம் பெரும்பாலும் இல்லை. கவனியுங்கள்: அந்தக் குழுவினரும் ஏஐ-யே தொடாதவர்களைவிட மேலே போய்விடவில்லை. இன்னொன்று, முதல் குழு மாணவர்கள் தாங்கள் குறைவாகக் கற்றதாக உணரவே இல்லை.

உங்கள் 14 மாதங்களை இந்த ஒரு பரிசோதனைக்குள் பார்க்கலாம்.

ஆகவே உங்கள் முன் மூன்று வழிகள் உள்ளன. பழையபடி தொடர்வது, அதன் விளைவைப் பார்த்துவிட்டீர்கள். அடியோடு விடுவது, தவறில்லை, ஆனால் இரவு பதினொரு மணிக்கு "எங்கே தப்பு" என்று கேட்க உங்களுக்கு வேறு ஆள் கிடையாது. ஒரு காற்புள்ளியால் ஒன்றரை மணி நேரம் வீணாகும், வெறுத்துப்போய் நிறுத்திவிடுவீர்கள். மூன்றாவது, வரிசையை மாற்றுவது: திணறல் முதலில், உதவி பிறகு, உதவி கிடைத்த பின் மறுபடி வெறும் தாள். என் பரிந்துரை மூன்றாவதுதான், தயக்கமில்லாமல்.

அதற்கு, உரையாடலைத் தொடங்கும்போதே கீழுள்ளதை ஒட்டிவிடுங்கள்:

"நீ என் பயிற்சி ஆசிரியர். முழு விடையையோ, ஓடக்கூடிய குறிமுறையையோ தராதே. நான் முதலில் என் முயற்சியை ஒட்டுவேன். அதில் முதல் பிழை எந்த வரியில் என்று மட்டும் சொல், திருத்தித் தராதே. ஒரு நேரத்தில் ஒரே ஒரு கேள்வி கேள். நான் விடையைக் கேட்டாலும், இன்னொரு குறிப்பைத் தந்துவிட்டு என் அடுத்த முயற்சிக்குக் காத்திரு."

இது பல நேரம் வேலை செய்யும், எல்லா நேரமும் அல்ல. உரையாடல் நீண்டுபோனால் தொடக்கத்தில் இட்ட கட்டளையை அது நழுவவிட்டு முழு விடையைக் கொட்டிவிடும். அதனால் ஒவ்வொரு பயிற்சிக் கணக்குக்கும் புது உரையாடலைத் தொடங்கிக் கட்டளையை மறுபடி ஒட்டுங்கள். உங்கள் தவறான கருத்தை உறுதியான தொனியில் எழுதினால் அது ஒத்துப்போகவும் கூடும். "இது சரிதானே?" என்று கேட்காமல், "இதில் எது உடையும்?" என்று கேளுங்கள்.

அது எல்லாம் செய்யும் என்றால், நான் எதற்கு?

இந்தக் கேள்விக்கான பதில் உங்கள் வேலைமேசையிலேயே இருக்கிறது. இரண்டு அட்டவணைகள்: ஒன்றில் விலைப்பட்டியல்கள் (இன்வாய்ஸ்), மற்றொன்றில் வந்த தொகைகள். 10,000-க்கு ஒரு பட்டியல். வாடிக்கையாளர் அதை 6,000, 4,000 என்று இரண்டு தவணையாகக் கட்டிவிட்டார். "ஒவ்வொரு வாடிக்கையாளரும் எவ்வளவுக்கு வாங்கினார், எவ்வளவு கட்டினார்?" என்று ஏஐ-யிடம் கேட்கிறீர்கள். அது இரண்டு அட்டவணையையும் 'ஜாயின்' செய்து, அதாவது இணைத்து, பட்டியல் தொகையையும் கட்டிய தொகையையும் கூட்டித் தரலாம். குறிமுறை பிழையில்லாமல் ஓடும். ஆனால் ஒரு பட்டியலுக்கு இரண்டு தவணை இருப்பதால், இணைத்ததும் அந்தப் பட்டியல் இரண்டு வரிகளாகிவிடும். வாங்கியது 20,000, கட்டியது 10,000, நிலுவை 10,000 என்று விடை வரும். கணக்கை முடித்துவிட்ட வாடிக்கையாளருக்கு நினைவூட்டல் கடிதம் போகும்.

சிவப்பு எழுத்தில் எந்தப் பிழைச் செய்தியும் வராது. இணைப்பதற்கு முன்பே தவணைகளைப் பட்டியல் வாரியாகக் கூட்டிவிட வேண்டும் என்று தெரிந்தவர்தான் இதைப் பிடிப்பார். இன்னொரு கண்ணி: தொகையே வராத பட்டியல்களும் தெரிய வேண்டும் என்று 'லெஃப்ட் ஜாயின்' போட்டிருப்பீர்கள். கீழே, வரிகளை வடிகட்டும் 'வேர்' (WHERE) பகுதியில் தொகை அட்டவணையின் தேதிக்கு ஒரு நிபந்தனை வைத்தால், பணமே கட்டாதவர்கள் விடையிலிருந்து சத்தமில்லாமல் மறைந்துவிடுவார்கள். தேதி காலியாக இருக்கும் வரிகளுக்கு அந்த நிபந்தனை பொருந்தாது. அந்த நிபந்தனை, எதை வைத்து இணைப்பது என்று சொல்லும் 'ஆன்' (ON) பகுதிக்குப் போக வேண்டும். கட்டாதவர்களைத் தேடிப் போன கேள்வி, அவர்களையே விட்டுவிட்டு வரும்.

ஏஐ-க்கு இவை தெரியாது என்று நான் சொல்லவில்லை. குறிப்பாகக் கேட்டால் அழகாக விளக்கும். எதைக் கேட்க வேண்டும் என்று தெரிவதும், வந்த மொத்தம் பேரேட்டோடு ஒத்துப்போகவில்லை என்று சந்தேகப்படுவதும் உங்கள் பங்கு. ஒவ்வொரு முறையும் இணைப்பதற்கு முன் வரிகள் எத்தனை, இணைத்த பின் எத்தனை என்று எண்ணிப் பாருங்கள். கணக்குப் பிரிவில் ஊறியவருக்கு இது மூச்சு விடுவதுபோல வரும். பணியில் எடுப்பவர் உங்களிடம் தேட வேண்டியதும் இதைத்தான். அடுத்த நேர்முகத்தில் இதைச் சொல்லிக் காட்டுங்கள்.

ஒரு நாளைக்கு 40 நிமிடம்

ஒன்றரை மணி நேர வீடியோவுக்குப் பதிலாக வாரத்தில் ஐந்து நாள், நாளுக்கு 40 நிமிடம் போதும். காலையில் முடிந்தால் காலையில். முடியாவிட்டால், இரவில் உட்கார்ந்ததும் முதல் வேலையாக இது. வீடியோவைப் பயணத்துக்கோ காத்திருக்கும் நேரத்துக்கோ தள்ளுங்கள். விழிப்பு இருக்கும் நேரம் கைக்கு, களைத்த நேரம் கண்ணுக்கு.

முதல் 5 நிமிடம், நேற்று எழுதிய ஒரு வினவலை (எஸ்க்யூஎல் கேள்வியை) தாளில் நினைவிலிருந்து எழுதுங்கள். திரை மூடியிருக்கட்டும். அடுத்த 20 நிமிடம், ஒரு புதுக் கணக்கு, தனியாக. தட்டச்சுக்கு முன் சொந்த வார்த்தையில் மூன்று வரி: விடை அட்டவணையில் ஒரு வரி எதைக் குறிக்கும்? எந்த அட்டவணைகள் தேவை? எந்த மட்டத்தில் தொகுக்க வேண்டும்? வீடியோவில் கண்ணுக்குத் தெரியாமல் போன முடிவுகள் இவைதான். சிக்கினால் குறைந்தது பத்து நிமிடம் சிக்கியே இருங்கள். எஸ்க்யூஎல் இலக்கணம் மறந்துவிட்டால் மட்டும் கையேட்டைப் பார்க்கலாம். பிறகு 10 நிமிடம், மேலே சொன்ன கட்டளையோடு ஏஐ. கடைசி 5 நிமிடம், எல்லாச் சாளரத்தையும் மூடிவிட்டு அதே கணக்கை வெற்றுப் பக்கத்தில் மறுபடி எழுத வேண்டும்.

பலரும் கைவிடுவது அந்தக் கடைசி ஐந்து நிமிடத்தைத்தான். "இப்போதுதானே சரி செய்தேன்" என்று தோன்றும். அதைச் செய்யாவிட்டால் மற்ற 35 நிமிடமும் பாதி வீண். ஏஐ தவறிப்போய் முழு விடையையும் கொடுத்துவிட்ட கணக்குகளுக்கு ஒரு குறியிட்டு, இரண்டு நாள் கழித்து ஒரு முறை, ஒரு வாரம் கழித்து ஒரு முறை வெறும் தாளில் போடுங்கள். இரண்டாவது முறையும் வந்தால்தான் அது உங்களுடையது.

மனப்பாட அட்டைச் செயலி ஒன்றைத் தொடங்கியிருப்பதாக எழுதியிருக்கிறீர்கள். ஆங்க்கி போன்றவை, மறக்கப்போகும் நேரத்தில் ஒன்றை மறுபடி கேட்பதற்கு மிக நல்லவை. ஆனால் அதன் இயல்பு அமைப்பு ஒரு நாளைக்கு 20 புது அட்டைகள். அப்படியே தொடர்ந்தால் சில வாரங்களில் அன்றாட மீள்பார்வை ஏறத்தாழ 200 அட்டைகளாகிவிடும். அங்கேதான் பலர் செயலியையே நீக்குகிறார்கள். ஐந்தாகக் குறையுங்கள். பிறர் தயாரித்த 2,000 அட்டைத் தொகுப்பை இறக்காதீர்கள். நீங்கள் செய்த தவறு ஒவ்வொன்றும் ஒரு அட்டை ஆகட்டும்: "'வேர்', 'ஹேவிங்' — தொகுப்பதற்கு முன் வடிகட்டுவது எது?" ஒரு அட்டைக்கு ஒரு விஷயம் மட்டும்.

முதல் வாரம் மோசமாக இருக்கும். மூன்று கணக்கில் ஒன்றுதான் வரும். முன்பு ஒரு இரவில் எட்டு முடித்தவருக்கு இது பின்னோக்கிப் போவதுபோல் தெரியும். அந்த எட்டும் எங்கே போயின என்பது அந்தத் தேர்வறையில் உங்களுக்கே தெரிந்துவிட்டது. கையில் இருப்பது இந்த ஒன்று.

நான்கு வாரம் முடிந்ததும், படித்து முடித்த படிப்புகளில் நீங்கள் தொடாமல் விட்ட பயிற்சிகளிலிருந்து ஐந்தை எடுத்து, அட்டவணைப் பெயர்களை மாற்றி, இணையத்தைத் துண்டித்து, 45 நிமிடம் வைத்து எழுதிப் பாருங்கள். மூன்று வந்தால் இந்த வழி உங்களுக்குப் போதும். ஒன்றோ இரண்டோ வந்தால், எதில் நிற்கிறீர்கள் என்று பாருங்கள்: தொடங்கவே முடியவில்லையா, தொடங்கி நடுவில் குழம்புகிறதா? தொடங்க முடியாதவருக்கு இன்னும் நான்கு வாரம் இதுவே மருந்து. நடுவில் குழம்புகிறவருக்கு வாரம் ஒரு மணி நேரம் பக்கத்தில் உட்கார்ந்து பார்க்கும் ஒரு மனிதர் வேண்டும். அலுவலகத்திலேயே அப்படி ஒருவர் இருக்கக்கூடும்.

அடுத்த நேர்முகத்துக்கு முன், தேர்வில் ஏஐ-யும் இணையமும் அனுமதியா என்று மின்னஞ்சலில் கேட்டுவிடுங்கள். கேட்பதால் மதிப்பு குறையாது. இப்போது சில இடங்களில் அனுமதித்து, வந்த விடையை எப்படிச் சரிபார்க்கிறீர்கள் என்று பார்க்கிறார்கள். தடை என்றால் தடைதான்; ஒளித்துப் பயன்படுத்திப் பிடிபட்டால் அந்த வாய்ப்பு அத்தோடு போகும்.

அலுவலகக் கோப்புகளைப் பற்றி அவசரமாக

"உண்மையான தரவில் பழகலாம் என்று எங்கள் வாடிக்கையாளர் பட்டியலையே ஏற்றிப் பார்த்தேன்" என்று போகிற போக்கில் எழுதியிருக்கிறீர்கள். கடிதத்திலேயே என்னை அதிகம் கவலைப்பட வைத்த வரி இதுதான். தேர்வில் தோற்றால் இன்னொரு தேர்வு எழுதலாம். ரகசியக் காப்பு விதியை மீறினால் இருக்கும் வேலையே ஆபத்தாகலாம். பல நாடுகளில் தனிநபர் தரவுச் சட்டங்களும் இதில் வரும்.

இனி ஏற்றாதீர்கள். அந்த உரையாடலையும் கோப்பையும் நீக்குங்கள். உங்கள் உரையாடல்களைக் கொண்டு ஏஐ மாதிரியைப் பயிற்றுவிக்கும் அமைப்பு இருந்தால் அணைத்துவிடுங்கள். ஆனால் நீக்குவதோடு முடிந்தது என்று நினைக்க வேண்டாம்; சேவையகங்களில் சில காலம் பிரதி இருக்கக்கூடும். பணி ஒப்பந்தத்தையும் நிறுவனத்தின் ஏஐ விதிகளையும் எடுத்துப் படியுங்கள். அதில் தடை இருந்து, ஏற்றியதில் பெயர், கைப்பேசி எண், வங்கி விவரம் போன்றவையும் இருந்தால், தகவல் பாதுகாப்புப் பொறுப்பாளரிடம் நீங்களே சொல்லிவிடுவதைப் பரிந்துரைக்கிறேன். நீங்களாகச் சொன்னால் அது தவறு. அவர்களாகக் கண்டுபிடித்தால் அது மறைப்பு. சொல்வதற்கு முன் தொழிலாளர் சட்டம் தெரிந்த வழக்கறிஞர் ஒருவரிடம் ஒப்பந்தத்தைக் காட்டிவிடுவது நல்லது. பழகுவதற்குக் கற்பனைத் தரவே போதும்: 200 பட்டியல், 260 தவணை, அதில் வேண்டுமென்றே சில காலி இடங்கள், சில இரட்டைப் பதிவுகள். இதை உருவாக்கித் தருவதில் ஏஐ நன்றாகவே உதவும்.

கடன் வாங்கிச் சேர்வது

இப்போது வேண்டாம். நான்கு வாரத் தேர்வு முடியும்வரை கையெழுத்துப் போடாதீர்கள். "இந்த வாரத்துக்குள் சேர்ந்தால் சலுகை" என்பார்கள். இன்னொரு சலுகை வரும்.

உங்களிடம் பாடங்களுக்குப் பஞ்சமில்லை. எம்ஐடி தன் பாடங்களை இலவசமாக இணையத்தில் தரப்போவதாக 2001-இலேயே அறிவித்தது; அதற்குப் பிறகு நல்ல பாடம் கிடைப்பது யாருக்கும் தடையாக இல்லை. உங்களுக்குக் கிடைக்காதது, உங்கள் விடையைப் பார்த்துத் திருத்தும் ஆள். பணம் கொடுத்தால் அதற்குத்தான் கொடுக்க வேண்டும். ஆகவே பயிற்சி நிறுவனத்திடம் எழுத்தில் கேட்க வேண்டியவை:

வாரத்துக்கு எத்தனை மணி நேரம் நேரடி வகுப்பு, எத்தனை மணி நேரம் பதிவுசெய்த வீடியோ? என் குறிமுறையை ஒரு மனிதர் படித்துத் திருத்துவாரா, எத்தனை நாளுக்குள்? சென்ற பிரிவில் சேர்ந்தவர்கள் எத்தனை, முடித்தவர்கள் எத்தனை, எந்தப் பதவிகளில் வேலை கிடைத்தது?

"வேலை உறுதி" என்பதன் வரையறை ஒப்பந்தத்தில் எங்கே இருக்கிறது என்று பாருங்கள். பெரும்பாலும் அது நேர்முக வாய்ப்பு ஏற்பாடு செய்வதற்கான உறுதியாகவோ, ஏராளமான நிபந்தனைகளோடு கட்டணம் திருப்பித் தரும் வாக்குறுதியாகவோ இருக்கும். வருகை ஒரு நாள் குறைந்தாலும், மாதத்துக்கு இத்தனை விண்ணப்பம் என்ற எண்ணிக்கை தவறினாலும் அந்த உறுதி செல்லாது என்று சிறிய எழுத்தில் போட்டிருக்கலாம். விலகினால் எந்தத் தேதிவரை எவ்வளவு திரும்ப வரும்? கடன் யார் பெயரில், யாரிடமிருந்து? பயிற்சி நிறுவனமே சேர்த்துவிடும் கடன் என்றால், நீங்கள் பாதியில் விலகினாலும், நிறுவனமே மூடிவிட்டாலும், தவணை உங்கள் தலையில் நிற்கக்கூடும். இதற்கு எழுத்தில் பதில் தர மறுப்பவர்களிடம் சேர வேண்டாம்.

இதோடு, நீங்கள் முடிக்காமல் விட்ட நான்கு படிப்புகளில் மாதச் சந்தா ஓடிக்கொண்டிருக்கிறதா என்று வங்கிக் கணக்கில் பார்த்து, தானியங்கிப் புதுப்பிப்பை நிறுத்துங்கள். கைப்பேசியிலிருந்து செயலியை நீக்கினால் சந்தா நிற்காது. சந்தா பக்கத்தில் போய் ரத்து செய்தால்தான் நிற்கும்.

உங்கள் மகள்

"12 வயது மகளும் வீட்டுப்பாடத்துக்கு ஏஐ கேட்கிறாள், கொடுக்கலாமா?" என்பது உங்கள் கடைசி வரி. பொது உரையாடல் சேவைகள் பலவற்றின் விதிப்படி பயன்படுத்துபவருக்கு 13 வயதாவது ஆகியிருக்க வேண்டும். 18 வரை பெற்றோர் அனுமதி வேண்டும் என்று சொல்பவையும் உண்டு. வகுப்பறைப் பயன்பாட்டுக்கும் 13-ஐக் குறைந்தபட்ச வயதாக வைக்க யுனெஸ்கோ 2023-இல் பரிந்துரைத்தது. எனவே இப்போதைக்கு அவளுக்குத் தனிக் கணக்கு வேண்டாம். ஏதாவது கேட்க வேண்டுமென்றால் நீங்கள் பக்கத்தில் இருந்து, அவள் தன் விடையை எழுதிய பிறகு, சேர்ந்து பாருங்கள்.

கட்டுரைகளுக்கு இன்னொரு எச்சரிக்கை. ஏஐ எழுதியதைக் கண்டுபிடிக்கும் மென்பொருள்களை நம்பி மாணவர்கள் மீது குற்றம் சாட்டப்படுவது நடக்கிறது. சாட்ஜிபிடி-யை உருவாக்கிய ஓப்பன்ஏஐ நிறுவனமே வெளியிட்ட கண்டறியும் கருவி, ஏஐ எழுதியவற்றில் 26 சதவீதத்தை மட்டுமே சரியாகப் பிடித்தது. மனிதர் எழுதியவற்றில் 9 சதவீதத்தை ஏஐ என்று தவறாகச் சொன்னது. துல்லியம் போதாது என்று 2023 ஜூலையில் அதை அவர்களே திரும்பப் பெற்றுக்கொண்டார்கள். அவள் தானே எழுதியதை நாளை யாரேனும் சந்தேகப்பட்டால் காட்டுவதற்கு, முதல் வரைவைக் கையால் நோட்டில் தேதியோடு எழுதும் பழக்கம் இருக்கட்டும். கணினியில் எழுதுவதாக இருந்தால், திருத்த வரலாற்றைச் சேமிக்கும் கோப்பிலேயே தொடக்கத்திலிருந்து எழுதச் சொல்லுங்கள். முடித்த பிறகு வேறு இடத்திலிருந்து மொத்தமாக ஒட்டினால் அந்த வரலாறு இருக்காது.